நீலச் சாட்டின் உடையில் ஒரு சீமாட்டி: தத்ரூபமா, யதார்த்தமா?

உங்கள் கேள்வியை முதலில் இங்கே எடுத்து எழுதிவிடுகிறேன். ஒரு வீட்டுச் சுவரில் அச்சுப்பிரதி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். சிவப்பு மெத்தை வைத்த நாற்காலியில், தோள் தெரியும் நீல உடையில், கன்னத்தருகே விரலை வைத்துக்கொண்டு, ஏதோ சொல்ல வருவதுபோல் புன்னகைக்கும் பணக்கார ஸ்பானியப் பெண்மணி. கீழே ‘யதார்த்தவாத எண்ணெய் ஓவியம்’ என்று மட்டும் போட்டிருந்தது. இவர் யார், இது உண்மையிலேயே யதார்த்தவாத ஓவியம்தானா, புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததா, அந்தத் துணி எப்படி அப்படிப் பளபளக்கிறது, எண்ணெய் வண்ணம் பழகும் உங்கள் மகள் இதைப் படியெடுக்க விரும்பினால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

படத்தின் அடையாளத்தில் சந்தேகமே இல்லை. ஃபெதெரிகோ தே மத்ராஸோ 1853-இல் வரைந்த வில்செஸ் சீமாட்டியின் உருவப்படம் அது. மூலம் மாத்ரித் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 126 சென்டிமீட்டர் உயரம், 89 சென்டிமீட்டர் அகலம். அச்சுப்பிரதிகளில் பார்த்துப் பழகியவர்கள் ஆளுயரப் படம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நேரில் பார்த்தால் ஒரு ஜன்னல் கதவின் அளவுதான். அந்த அளவுக்குள் ஒரு முழு மனுஷி அமர்ந்திருக்கிறார்.

அவர் பெயர் அமாலியா தே யானோ இ தோத்ரெஸ். பார்சிலோனாவில் பிறந்தவர். பதின்வயது முடிவதற்குள், 1839-இல், கொன்ஸாலோ தே வில்செஸ் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். 1848-இல் ராணி இரண்டாம் இசபெல் அந்தக் கணவருக்குக் ‘கோந்தே’ என்ற பிரபுப் பட்டம் அளித்தார். அதனால் இவர் சீமாட்டி ஆனார். இந்த ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். படம் வரையப்பட்டபோது பட்டத்துக்கு ஐந்தே வயது. நூற்றாண்டுகளாக மாளிகையும் குலச்சின்னமும் வைத்திருந்த பழைய பிரபுக் குடும்பத்துப் பெண் அல்ல இவர். இசபெல் ராணியின் காலத்தில் அரசியலாலும் செல்வத்தாலும் மேலே வந்த புதிய உயர்குடியைச் சேர்ந்தவர். அவருடைய பேர் நின்றது பட்டத்தால் மட்டும் அல்ல. மாத்ரித் வீட்டில் எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் கூடிப் பேசும் மாலைச் சந்திப்புகளை நடத்தினார். வீட்டு மேடையில் நாடகங்கள் நடந்தன, அவரே நடித்தார். நாவல்கள் எழுதினார். மத்ராஸோ அந்த வீட்டுக்கு நண்பராகப் போய்வந்தவர். இந்த நட்பை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் படத்தைப் பார்த்தால் பாதிதான் பிடிபடும்.

அடுத்து ‘யதார்த்தவாதம்’ என்ற சீட்டுக்கு வருகிறேன். நான் இருபது ஆண்டுகளாக எண்ணெய் வண்ணம் கற்றுக்கொடுக்கிறேன். மாணவர்களிடம் நான் முதலில் பிரித்துக் காட்டுவது இரண்டு சொற்களை: தத்ரூபம் என்பது ஒன்று, யதார்த்தம் என்பது வேறொன்று. அச்சு அசலாக, தொட்டால் துணி கையில் படும்போல இருக்கிறது என்றால் அது தத்ரூபம். வாழ்க்கையை அதன் அழுக்கு, அலுப்பு, உழைப்பு எல்லாவற்றோடும், பூசி மெழுகாமல் காட்டுவது யதார்த்தம். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது நாம் ஏன் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டும்? வில்செஸ் சீமாட்டியின் படம் தத்ரூபத்தின் உச்சம். யதார்த்தவாத ஓவியம் என்று அதைச் சொல்ல முடியாது.

இதைச் சொல்ல நான் என் சொந்த அபிப்பிராயத்தை மட்டும் நம்பவில்லை. வரலாறே ஓர் அருமையான சாட்சி வைத்திருக்கிறது. 1855-இல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. இந்தப் படமும் மத்ராஸோவின் வேறு சில உருவப்படங்களும் அங்கே தொங்கின. அவருக்கு முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. அதே பொருட்காட்சிக்கு குஸ்தாவ் கூர்பே என்ற பிரெஞ்சு ஓவியரும் படங்கள் அனுப்பியிருந்தார். அவருடைய மிகப் பெரிய படங்களை நடுவர்கள் ஏற்க மறுத்தார்கள். கூர்பே என்ன செய்தார் தெரியுமா? பொருட்காட்சிக்குப் பக்கத்திலேயே தம் செலவில் ஒரு கொட்டகை போட்டு, நுழைவுக் கட்டணம் வைத்து, தம் படங்களைத் தாமே காட்டினார். அந்தக் கொட்டகைக்கு வைத்த பெயரில்தான் ‘யதார்த்தவாதம்’ என்ற சொல் கொடியாக ஏறியது. கல் உடைக்கும் கூலிகளையும், கிராமத்துச் சவ அடக்கத்துக்கு வந்த சாதாரண மனிதர்களையும், ராஜாக்களுக்கு ஒதுக்கும் அளவுக் கித்தானில் வரைந்தவர் அவர். ஆக, ஒரே ஆண்டு, ஒரே நகரம். உள்ளே பதக்கம் பெற்றுக்கொண்டு வில்செஸ் சீமாட்டி. வெளியே கொட்டகையில் யதார்த்தவாதம். இரண்டும் எதிரெதிர் வாசலில் நின்றவை.

அப்படியானால் இந்தப் படத்தை எந்த வகையில் சேர்ப்பது? ஸ்பானியக் கலை வரலாற்றாளர்கள் கற்பனாவாதக் (ரொமான்டிசிசம்) காலத்து உருவப்படம் என்கிறார்கள். அது சரியான பெயர்தான். ஆனால் பெயரைவிட, மத்ராஸோ எதையெல்லாம் சேர்த்துப் பிசைந்து இதைச் செய்தார் என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

மத்ராஸோ குடும்பம் ஸ்பெயினின் ஓவிய உலகையே ஒரு நூற்றாண்டு கையில் வைத்திருந்த குடும்பம். தந்தை ஹோசே தே மத்ராஸோ பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் டேவிட்டிடம் பயின்றவர், 1838 முதல் 1857 வரை பிராடோவின் இயக்குநர். தாய்வழித் தாத்தா ததேயுஷ் குன்ட்சே போலந்து ஓவியர். ஃபெதெரிகோ 1815-இல் ரோமில் பிறந்தார். பிற்பாடு அவரும் இரண்டு முறை பிராடோவின் இயக்குநராக இருந்தார். அவருடைய மகன் ராய்முந்தோ பாரிஸில் பேர்பெற்ற உருவப்பட ஓவியர்; மகளை மணந்த மருமகன் மரியானோ ஃபோர்த்தூனியும் ஓவியர். இந்தச் சீமாட்டியை வரைந்த காலத்தில் பிராடோ என்பது அவருக்கு அப்பாவின் அலுவலகம். பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய அரசவை ஓவியர் வெலாஸ்கேஸின் அரச குடும்பப் படங்கள் அவருக்குக் கூப்பிடு தூரம்.

மற்றொரு பக்கம் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர். தந்தைக்குப் பாரிஸ் காலத்து நண்பர். ஃபெதெரிகோ 1833-இல் பாரிஸ் போனபோது, பதினெட்டு வயதில், ஆங்க்ரையே உட்காரவைத்து உருவப்படம் வரைந்தார். அந்தப் படம் இன்று நியூயார்க்கில் ஹிஸ்பானிக் சொசைட்டியில் இருக்கிறது. அந்த வயதில் அந்த மனிதரின் முகத்தைப் படிக்கக் கிடைத்தது எவ்வளவு பெரிய பாக்கியம்!

ஆங்க்ர் 1845-இல் முடித்த ஓசன்வில் சீமாட்டியின் படம் நியூயார்க்கில் ஃபிரிக் சேகரிப்பில் இருக்கிறது. அதிலும் நீல உடை. அதிலும் தாடையருகே விரல். அதிலும் லேசாகச் சாய்ந்த தலை. கித்தானின் அளவும் ஏறத்தாழ இதேதான். மத்ராஸோவின் படத்துக்கு அது அக்கா என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்க்ருக்குக் கோட்டின் வளைவுதான் உயிர். அந்த வளைவுக்காக எலும்பைக்கூட விட்டுக்கொடுப்பார். ஓசன்வில் சீமாட்டியின் வலது கை தோளிலிருந்து புறப்படவில்லை, மார்புக்குக் கீழே எங்கிருந்தோ முளைக்கிறது. முதல் பார்வையில் தெரியாது. தெரிந்த பிறகு கண்ணை விட்டு அகலாது. மத்ராஸோ அப்படிச் செய்யவில்லை. அவருடைய சீமாட்டியின் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. உடம்பின் பாரம் நாற்காலியில் இறங்குகிறது. அவரைச் சுற்றிக் காற்று இருக்கிறது. பின்னணியில் திரைச்சீலை, தூண், தோட்டம் எதுவும் இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த வெறும் வெளி. அந்த வெளிதான் வெலாஸ்கேஸ். ஆங்க்ரின் தோரணையை வாங்கி, வெலாஸ்கேஸின் காற்றுக்குள் அதை உட்காரவைத்தார் என்று நான் சொல்வேன்.

படத்தில் இல்லாதவற்றையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிரீடம் இல்லை, குலச்சின்னம் இல்லை, ரத்தினங்கள் பதித்த கனத்த கழுத்தணி இல்லை. இதே மத்ராஸோ இசபெல் ராணியை எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். அங்கே ஆட்சியைச் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். இங்கே ஒரு விசிறி, ஒரு வளை, நாற்காலியில் சரிந்து கிடக்கும் பொன்மஞ்சள் சால்வை. அவ்வளவுதான். பட்டத்தைப் பறைசாற்ற வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில், நண்பர்கள் நடுவில், மாலை விருந்துக்கு உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோள் திறந்த உடை அந்தக் காலத்தில் மாலைக்கு உரியது. பகல் உடை கழுத்து வரை மூடியிருக்கும். எனவே இது விளக்கேற்றிய பிறகான நேரம். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. எதிரே இருப்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டார். பதில் உதட்டில் இருக்கிறது. நடிக்கத் தெரிந்த பெண் என்பதும் அந்தத் தலைச் சாய்வில் இருக்கிறது. தன்னைப் பார்க்கிறார்கள் என்பதை அறிந்தவர், அதில் சங்கடப்படாதவர்.

முகத்தை அழகுபடுத்தியிருக்கிறாரா? ஆம், ஐயமே வேண்டாம். முப்பதைத் தாண்டிய, குடும்பமும் வீட்டுப் பொறுப்பும் சுமந்த ஒரு பெண்ணின் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. வெளிச்சம் எதிரிலிருந்து மெதுவாக விழுகிறது. மூக்கின் ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் மட்டும் இளம் சாம்பல் நிழல். கண்ணுக்குக் கீழே பள்ளமே வராதபடி அமைத்த ஒளி அது. உயர்குடிப் பெண்களின் உருவப்படக்காரர் என்ற பேரோடு வாழ்நாளில் நூற்றுக்கணக்கான படங்கள் வரைந்தவருக்கு இந்த வித்தை கைவந்த கலை.

ஸ்பானிய உயர்குடிப் பெண் ஒருத்தியின் யதார்த்தமான உருவப்படம் பார்க்க வேண்டும் என்றால், அதே பிராடோவில் ஸ்பானிய ஓவியர் கோயா 1800-இல் வரைந்த சின்சோன் சீமாட்டியிடம் போக வேண்டும். அவர் பெயர் மரியா தெரேசா. அரச குடும்பத்து ரத்தம். அன்றைய ஸ்பெயினில் மிகுந்த அதிகாரம் படைத்த கொதோயின் மனைவி. அப்போது அவர் கர்ப்பிணி. தலையில் செருகிய கோதுமைக் கதிர்கள் அந்தக் கர்ப்பத்தைத்தான் சொல்கின்றன. பெரிய இருட்டு, அதன் நடுவில் ஒரு நாற்காலி, அதில் மெல்லிய வெள்ளை உடையில் கூச்சத்தோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் இளம்பெண். நம்மைப் பார்க்கவில்லை, பார்வை ஓரமாக நழுவுகிறது. கைகள் வயிற்றின் மேல். அந்தப் படத்தின் முன் நிற்கும்போது எனக்கு அழகு பற்றிய நினைப்பே வருவதில்லை. இந்தப் பிள்ளையை யாராவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடாதா என்றுதான் தோன்றுகிறது. கோயா எதையும் மறைக்கவும் இல்லை, எதையும் கூட்டவும் இல்லை.

இதனால் மத்ராஸோவைக் குறைத்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். சின்சோன் சீமாட்டியின் உண்மை அவருடைய தனிமை. வில்செஸ் சீமாட்டியின் உண்மை அவருடைய தன்னம்பிக்கை. கன்னத்தின் கோட்டை அழித்துவிட்ட மத்ராஸோ அந்தப் பெண்ணின் புத்திக்கூர்மையை அழிக்கவில்லை. மேட்டுக்குடிப் பெண்களின் படங்களில் பெரும்பாலும் உடைதான் பேசும், ஆள் பேசமாட்டார். இங்கே உடை எவ்வளவு உரக்கப் பேசினாலும் கடைசியில் ஆள்தான் பேசுகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தப் படத்தை நேசிக்கிறேன்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாரா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே விடை. காரணம் மிக எளிது. 1853-இல் புகைப்படம் இருந்தது. வெள்ளி பூசிய தகட்டில் படம் பிடிக்கும் தகேரோ முறை 1839-இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பை உணரவே மாட்டா. இந்தச் சீமாட்டியை இதே நாற்காலியில் உட்காரவைத்து அன்று படம் எடுத்திருந்தால், நீல உடை வெளுத்த வெள்ளையாகவும் சிவப்பு மெத்தை கன்னங்கரேலென்றும் விழுந்திருக்கும். உதடும் கருத்துப் போயிருக்கும். தகட்டின் முழு அளவே சுமார் 16-க்கு 21 சென்டிமீட்டர். அதைப் பார்த்து இந்தத் துணியை வரைய யாராலும் முடியாது. ஆள் எதிரே உட்கார்ந்தார், துணி எதிரே இருந்தது, ஓவியர் பார்த்தார். புகைப்படம் போல இருக்கிறது என்று நாம் இன்று வியக்கிறோம். அன்றைய புகைப்படத்துக்கு இப்படிப் பார்க்கும் கண்ணே இல்லை.

உடையைப் பற்றிச் சொன்னால் ஒரு சிறு தகவலை விட்டுவிட மனமில்லை. பாவாடை இவ்வளவு உப்பி நிற்பதைப் பார்த்து, உள்ளே எஃகு வளையக் கூண்டு இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கூண்டு 1856-இல்தான் காப்புரிமை பெற்றுப் பரவியது. 1853-இல் அந்த உப்பலுக்குக் காரணம், ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திய உள்பாவாடைகள்; அவற்றில் சில குதிரை மயிர் சேர்த்து நெய்து விறைப்பாக்கியவை. கூண்டுப் பாவாடை வெண்கல மணி போல நிற்கும். இது அப்படி அல்ல. நாற்காலிக் கையில் அமுங்கி, வழிந்து, மடங்குகிறது. அந்த அமுங்கலை மத்ராஸோ எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள்.

சாட்டின் துணி ஏன் பளபளக்கிறது என்பதை நெசவிலிருந்து தொடங்கினால்தான் புரியும். சாதாரண நெசவில் பாவும் ஊடும் மாறிமாறி மேலே வரும், ஒளி சிதறும். சாட்டின் நெசவில் ஒரு நூல் பல நூல்களைத் தாண்டி நீளமாக மிதந்து, பிறகுதான் உள்ளே போகும். மேற்பரப்பு முழுவதும் ஒரே திசையில் படுத்த நூல்கள். அதனால் ஒளி கண்ணாடியில் படுவதுபோல் பட்டுத் திரும்புகிறது. வெல்வெட்டுக்கு நேர் எதிர். வெல்வெட்டில் மடிப்பின் முகடு இருட்டாகவும் ஓரம் வெளிச்சமாகவும் இருக்கும். சாட்டினில் முகடு பளிச்சென்று மின்னி, உடனே பக்கத்தில் ஆழ்ந்த நீலம் விழும். இடைநிலைச் சாயல் மிகக் கொஞ்சம்.

ஒரு முறை வகுப்பில் நீலச் சாட்டின் துணியை நாற்காலியில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வரையச் சொன்னேன். ஒரு மாணவி மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். நீலத்தில் வெள்ளையைக் கலந்து கலந்து மடிப்புகளுக்கு மேல் தடவினாள். கடைசியில் துணி பிளாஸ்டிக் வாளி போல ஆகிவிட்டது. அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அவளை ஜன்னலுக்கு அருகே அழைத்து, ஒரே ஒரு மடிப்பைக் காட்டினேன். மின்னும் கீற்றின் ஒரு விளிம்பு கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருந்தது. மறு விளிம்பு நீலத்துக்குள் மெல்லக் கரைந்தது. அவள் இரண்டு விளிம்பையும் கரைத்திருந்தாள். இன்னொன்றையும் காட்டினேன். அந்தக் கீற்றின் நிறம் நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. வெளியே இருந்த மேகத்தின் நிறம். பளபளப்பு என்பது துணியின் நிறம் அல்ல, எதிரே இருக்கும் ஒளியின் நிறம். அன்று மாலை அவள் பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த ஒரு மடிப்பை மட்டும் திரும்ப வரைந்தாள். துணி வந்துவிட்டது.

பிராடோவில் அந்தப் படத்தின் முன் இரண்டு காலைப் பொழுதுகள் நின்றபோது நான் தேடியதும் இதைத்தான். முகத்திலும் மார்பிலும் தூரிகைத் தடம் கண்ணுக்குத் தெரியாது. சருமம் மெல்லிய அடுக்குகளாக, ஒன்று உலர்ந்த பின் மற்றொன்றாக ஏறியது போல வழவழப்பாக இருக்கிறது. உடைக்கு வந்ததும் கை விடுதலை பெறுகிறது. எட்ட நின்றால் பட்டு. கிட்டப் போனால் கெட்டியான வெளிர் வண்ணத்தின் இழுப்புகள். தொடங்கிய இடத்தில் அழுத்தம், முடியும் இடத்தில் வறண்ட தடம். சால்வையில் இன்னும் துணிச்சல். வெலாஸ்கேஸை நாள்தோறும் பார்த்து வளர்ந்த கை என்பது இந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கிறது. அச்சுப்பிரதி இதை விழுங்கிவிடும். பிராடோவின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியோடு படம் இருக்கிறது. உங்கள் மகளை அதைத் திறந்து விசிறி பிடித்த கையைச் சுற்றியுள்ள மடிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்மணி பிறகு என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1868 செப்டம்பரில் புரட்சி வெடித்து இசபெல் ராணி நாட்டைவிட்டு வெளியேறினார். மத்ராஸோ பிராடோவின் இயக்குநர் பதவியை இழந்தார். 1881-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. பழைய அரச வம்சம் மீண்டும் வர வேண்டும் என்று பாடுபட்டவர்களில் வில்செஸ் சீமாட்டியும் ஒருவர். அவருடைய வரவேற்பறைப் பேச்சு அப்போது அரசியல் பேச்சாக மாறியது. 1874 ஜூலையில் மாத்ரிதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் இசபெலின் மகன் அல்போன்ஸோ மன்னராக அறிவிக்கப்பட்டார். ஆறு மாதம்கூட இல்லை. அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அதைப் பார்க்காமலே போய்விட்டார். இது தெரிந்த பிறகு அந்தப் புன்னகையை என்னால் பழையபடி பார்க்க முடிவதில்லை. படம் தனியார் வசம் இருந்து, 1944-இல் சிமேரா பிரபுவின் உயில் வழியாகப் பிராடோவுக்கு வந்து சேர்ந்தது.

இனி உங்கள் மகளுக்கு. முழுப் படத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தலை, தோள், கன்னத்தைத் தொடும் கை, இந்த மூன்றும் அடங்கும் ஒரு பகுதி போதும். 40-க்கு 50 சென்டிமீட்டர் கித்தான் எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளைக் கித்தானில் நேரே தொடங்கக் கூடாது. பழுப்பும் சாம்பலும் கலந்த நடுத்தர நிறத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லப் பூசி, ஒரு நாள் உலரவிடட்டும். அதன்மேல் கரித்துண்டால் தலையின் சாய்வை வரையட்டும். இரண்டு கண்களையும் இணைக்கும் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தோள்களின் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நூல் பிடித்து அளந்து பார்க்கட்டும். பெரும்பாலானோர் இந்தப் படத்தைப் படியெடுக்கும்போது அறியாமல் தலையை நிமிர்த்திவிடுகிறார்கள். தலை நிமிர்ந்தால் அந்தப் பெண் போய்விடுவார். யாரோ ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும்.

பிறகு முழுவதையும் கறுப்பு வெள்ளையில், சாம்பல் சாயல்களால் மட்டும் ஒரு முறை முடிக்க வேண்டும். நீலக் குழாயை அதுவரை திறக்கவே கூடாது. இந்தப் படத்தில் சருமத்தின் வெளிச்சமும் உடையின் மின்னும் கீற்றும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை. நிறம் வந்துவிட்டால் கண் ஏமாந்து, உடையை இருட்டாக்கிவிடும். சாம்பல் சாயலில் சரியாக அமைந்த பிறகு, அது நன்றாக உலர்ந்ததும், ஆளி விதை எண்ணெயில் குழைத்த மெல்லிய சருமச் சாயல்களை ஏற்றலாம். உடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் ஒரு வேலை: வீட்டில் இருக்கும் சாட்டின் அல்லது பட்டுத் துணி ஏதாவது ஒன்றை ஜன்னலோரம் நாற்காலியில் போட்டு, ஒரே ஒரு மடிப்பை உள்ளங்கை அளவுக் கித்தானில் வரைந்து பார்க்கட்டும். எந்த விளிம்பு கூர்மை, எந்த விளிம்பு கரைகிறது என்று அவளே கண்டுபிடித்த பிறகு சீமாட்டியிடம் திரும்பலாம். அந்தச் சின்னக் கித்தானை எனக்கும் அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.